தெளிந்த தண்ணியில் முருகை எதைச் சாப்பிடுது?

முருகைக்கல்லை நாங்கள் கல்லாகத்தான் அறிஞ்சனாங்கள். நெடுந்தீவில் காணிக்குக் காணி நிற்கிற மதில்கள் முருகைக்கல். யாழ்ப்பாணக் கோட்டைச் சுவரிலும் அதுதான். சூளையில் சுட்டால் சுண்ணாம்பு. சுவருக்குப் பூசலாம், வெத்திலையில் தடவலாம். இவ்வளவு தூரம் எங்கட வாழ்க்கைக்குள் வந்துவிட்ட ஒரு பொருள், உயிரோட இருந்த காலத்தில் எதைச் சாப்பிட்டது எண்டு எங்கட வீடுகளில் ஒருத்தரும் கேட்டதில்லை. மதிலுக்குப் பசிக்குமோ?

உலகத்தின் வேறு மூலைகளில் சிலர் இதே உயிரைக் கண்ணாடித் தொட்டிக்குள் வைத்து, அதுக்குப் பசிக்குதோ, தண்ணி ஒத்துக்கொள்ளுதோ எண்டு இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் முருகையைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தம். அவர்கள் சுண்ணாம்புத் தண்ணியைத் துளித்துளியாக விட்டு முருகை வளர்த்தார்கள். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கூட்டத்தின் வரலாறு. காசுள்ளவர்களின் பொழுதுபோக்குக்குக் கிளிநொச்சியில் என்ன அலுவல் எண்டு கேட்கிறவர்கள், உரப்பை வருகிற இடம் வரைக்கும் கொஞ்சம் பொறுக்க வேணும்.

முதலில் புதிரைச் சொல்லுவம். குளத்துத் தண்ணி பச்சையாக இருந்தால் அதில் நைதரசனும் பொசுபரசும் இருக்கு, அதைத் தின்று அல்கா பெருகுது எண்டு அர்த்தம். தண்ணி கண்ணாடி மாதிரித் தெளிவாக, நீலமாக இருந்தால் அதில் தின்ன ஒண்டும் இல்லை. வெப்பமண்டலக் கடலின் நடுப்பகுதி அப்படித்தான், அழகான பட்டினி. ஆனால் முருகைப்பார்கள் நிறைய அந்தப் பட்டினித் தண்ணிக்குள்தான் எழும்பி நிற்கின்றன. மீனும் நண்டும் அங்கே மொய்க்குது. டார்வின் 1836இல் கொக்கோஸ் தீவுகளில் முருகைத்தீவைப் பார்த்தார், 1842இல் முருகைப்பார்களைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். இந்தப் புதிருக்கு 'டார்வினின் முரண்' எண்டு பிற்காலத்தவர் பெயர் வைத்திருக்கினம். உண்மையில் அவர் அந்தப் புத்தகத்தில் அதிகம் கவலைப்பட்டது தீவு எப்படி உருவாகுது எண்டதைப் பற்றி. சாப்பாட்டைப் பற்றி அல்ல. பெரிய பெயர் ஒண்டு இருந்தால் எல்லாக் கேள்வியும் அதில் போய் ஒட்டிக்கொள்ளும்.

கடல் உயிரை வீட்டுக்குள் வைக்கும் பழக்கம் 1850களில் இங்கிலாந்தில் பரவியது. லண்டன் விலங்குக்காட்சிச்சாலை 1853இல் மீன் மண்டபத்தைத் திறந்தது. ஃபிலிப் ஹென்றி கொஸ் எண்ட இயற்கையியலாளரின் புத்தகங்களைப் பார்த்து நடுத்தர வர்க்க வீடுகள் எல்லாம் தொட்டி வைக்கத் தொடங்கின. கடல் தூரம் எண்டவர்களுக்காக உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் அவர் எழுதினார்.

இந்த இடத்தில் எங்களுக்கு ஆனையிறவு உதவும். ஆனையிறவு உப்பைத் தண்ணியில் கரைத்தால் கடல் திரும்பி வராது. கடல்நீர் பாத்தியில் வற்றும்போது முதலில் கல்சியம் காபனேற்றும், பிறகு ஜிப்சமும் படியும்; அதுக்குப் பிறகுதான் கறியுப்பு எண்ட சோடியம் குளோரைட்டு விளையும்; மகனீசியம் பெரும்பாலும் கடைசியில் மிஞ்சுகிற கைப்புத் தண்ணியோட போய்விடும். உப்பள வேலை எண்டதே ஒருவகையில் கடலைப் பிரித்தெடுக்கிற வேலைதான். அப்படிப் பிரிந்த உப்பைத்தான் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை எரிசோடாவும் குளோரினும் ஆக்கியது. முருகைக்கு வேண்டியதோ எங்கட பாத்தியில் முன்னுக்கும் பின்னுக்கும் கழிந்துபோகிற அந்தக் கல்சியமும் மகனீசியமும். தொட்டிக்காரர்கள் இண்டைக்குக் கடையில் வாங்குகிற கடல் உப்புப் பொதி அதையெல்லாம் திரும்பச் சேர்த்துக் கட்டினதுதான்.

அந்தக் காலத்து ஆங்கிலேயத் தொட்டிகளில் இருந்தவை குளிர்கடலின் சின்னக் கிண்ண முருகைகள். தனித்தனியாக வாழும், பார் கட்டாது. இறைச்சித் துண்டு கொடுத்தால் வாயைத் திறந்து விழுங்கும். ஆகவே முருகை எண்டால் மாமிசம் தின்னும் பிராணி எண்ட எண்ணம் வேரூன்றியது. அது பொய்யில்லை. பாதி உண்மை.

மற்றப் பாதிக்கு அடுத்த நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. 1928இல் மொறிஸ் யங் எண்ட 28 வயது ஆய்வாளரின் தலைமையில் ஒரு குழு அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாரில் உள்ள லோ தீவுகளுக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியது. முருகைகளின் உடம்புக்குள் ஒற்றைக் கல அல்காக்கள் குடியிருப்பது முன்னரே தெரியும். யங் முருகைகளைப் பட்டினி போட்டார், இருட்டில் வைத்தார், இறைச்சியும் பிளாந்தனும் கொடுத்துப் பார்த்தார். அவர் எடுத்த முடிவு: முருகை முழுக்க மாமிச பட்சணி, உள்ளே இருக்கிற அல்கா அதுக்குச் சாப்பாடு போடுவதில்லை, கழிவை எடுத்துத் துப்பரவு செய்கிற வேலையாள் மாத்திரம். முருகை வைத்த பாத்திரத்தில் பொசுபேற்று குறைந்துகொண்டு போவதையும் அந்தக் குழு அளந்தது. எங்களுக்கு அந்தப் பரிசோதனையில் மிகப் பிடித்தது அந்தச் சின்ன அளவீடுதான். தண்ணியில் இருக்கிற சத்தை முருகை தானே உறிஞ்சுது. தெளிந்த தண்ணி தெளிவாகவே இருப்பதில் முருகைக்கும் ஒரு பங்கு இருக்கு.

முடிவின் மற்றப் பகுதி 1950களில் ஆட்டம் கண்டது. யுத்தத்துக்குப் பிறகு கதிர்த்தொழிற்பாட்டுச் சமதானிகள் ஆய்வுகூடங்களுக்குக் கிடைத்தன. ஜமேக்காவில் தோமஸ் கொரோ கதிர்வீசும் கல்சியத்தைக் கொண்டு, முருகை இருட்டைவிட வெளிச்சத்தில் வேகமாக எலும்பு கட்டுது எண்டு 1959இல் காட்டினார். கதிர்வீசும் காபனைக் கொண்டு செய்த பரிசோதனைகள், அல்கா ஒளித்தொகுப்பில் செய்த உணவு முருகையின் உடம்புக்குள் போவதைக் காட்டின. இப்ப சொல்லப்படுகிற கணக்குப்படி சில இனங்களில் தேவையான சக்தியில் 90 வீதம் வரைக்கும் அல்காவே கொடுக்குது. ஆனால் அது பெரும்பாலும் சீனியும் கொழுப்பும். எங்கட பாசையில் சொன்னால் சோறு கிடைக்குது, கறி இல்லை. உடம்பு வளரப் புரதம் வேணும், புரதத்துக்கு நைதரசன் வேணும். அதுக்காகத்தான் இரவானதும் முருகை கைகளை விரித்துப் பிளாந்தனைப் பிடிக்குது. யங் பார்த்தது அந்தக் கறிச்சட்டியை.

விஞ்ஞானம் இப்படிப் போய்க்கொண்டிருக்க, வீட்டுத் தொட்டிகளின் நிலைமை பரிதாபம். 1960கள் வரைக்கும் மேற்கு நாட்டுக் கடல்நீர்த் தொட்டிகளில் முருகை எண்டால் வெளிறிய எலும்புக்கூடு, அலங்காரத்துக்கு வைக்கிறது. தண்ணி 'சுத்தமாக' இருக்க வேணும் எண்டு எல்லாவற்றையும் கழுவித் தேய்த்தார்கள். இதை மாற்றினவர் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். 1961இல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்புச் சஞ்சிகையில் தன்ர முறையை எழுதினார். கடலில் இருந்து உயிரினம் ஒட்டியிருக்கிற கல்லை அப்படியே எடுத்து வைப்பது, கடல்நீர், சூரிய வெளிச்சம், மெல்லிய காற்றுக்குமிழி. அவ்வளவுதான். அந்தத் தொட்டிகளில் முருகை உயிரோட இருந்தது. கல்லின் வெளிப்பக்கத்தில் இருக்கிற பற்றீரியா மீன் கழிவின் அமோனியாவை நைத்திரேற்று ஆக்குது. ஒட்சிசன் குறைந்த உள்பக்கத்துப் பற்றீரியா அந்த நைத்திரேற்றை வெறும் நைதரசன் வாயுவாக்கி வெளியே அனுப்புது. 'அழுக்குக் கல்' எண்டு தேய்த்துக் கழுவினதுதான் தொட்டியின் ஈரல்.

அடுத்த இரண்டு பத்தாண்டுகளில் ஜேர்மன்காரர்கள் இதில் இரண்டு விசயங்களைச் சேர்த்தார்கள். ஒன்று நுரை பிரிக்கும் கருவி, ஸ்கிம்மர். காற்றடிக்கிற நாளில் கடற்கரையில் மஞ்சள் நுரை ஒதுங்குமே, அந்தத் தத்துவம்தான். தண்ணிக்குள் நுண்ணிய குமிழிகளை அடித்தால் புரதமும் கொழுப்பும் குமிழியில் ஒட்டி மேலே வரும். அழுகி நைத்திரேற்று ஆகிறதுக்கு முந்தியே அதை வழித்து எறியலாம். மற்றது சுண்ணாம்புத் தண்ணி. பீற்றர் வில்கென்ஸ் இதை எழுதிப் பரப்பினவர்களில் முக்கியமானவர். நீற்றின சுண்ணாம்பைத் தண்ணியில் கலக்கி, அடிமண்டி இறங்கினதும் மேல்தெளிவை மட்டும் இரவில் துளித்துளியாகத் தொட்டிக்குள் விடுவது. ஆவியாகிப் போன தண்ணிக்கும் ஈடு, முருகை எலும்புக்கு எடுத்த கல்சியத்துக்கும் ஈடு. தெளிவின் பீஎச் 12க்கு மேல்; அவசரப்பட்டு ஊற்றினால் தொட்டி முழுக்கச் செத்துப்போகும். வெத்திலைக்குச் சுண்ணாம்பு தடவத் தெரிந்த எந்த அப்பாச்சிக்கும் அளவு கூடினால் வாய் வெந்துபோகும் எண்டு விளங்கும்.

இந்தச் சேர்க்கைக்கு 'பெர்லின் முறை' எண்டு பெயர் வந்தது. ஜகார்த்தா முறை எண்டு ஏன் வரவில்லை எண்டு கேட்க எங்களுக்கு ஆசைதான். பெயர் எப்பவும் வடக்குக்குத்தான் போகும். எங்கட வடக்கைச் சொல்லவில்லை.

பிறகு வந்த கட்டம்தான் இந்த வரலாற்றில் சுவையானது. நுரை பிரிக்கும் கருவிகள் நல்லாகிக்கொண்டு போக, பற்றீரியாவுக்குக் காபன் உணவு கொடுத்துப் பெருக்கி, அதோட சேர்த்து நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் இழுத்து எறிகிற முறைகளும் வர, தண்ணியில் சத்தைச் சுழியத்துக்கு இறக்குவது ஒரு போட்டியாக மாறியது. கடல் பட்டினித் தண்ணி எண்டால் தொட்டியும் பட்டினித் தண்ணியாக இருக்க வேணும் எண்ட தர்க்கம். முருகைகள் வெளிறின. கிளைகளின் நுனி கருகியது. பச்சை அல்கா போன இடத்தில் டைனோ எண்டு சொல்லப்படுகிற மண்ணிறச் சளி படர்ந்தது. எதிரி இல்லாத வெற்றுக் காணியில் முதலில் குந்துகிற ஆள் அது.

எங்கே பிழைத்தது? கடலில் நைத்திரேற்றின் செறிவு குறைவு, சரி. ஆனால் அந்தத் தண்ணி நிற்பதில்லை. ஒவ்வொரு அலையும் பிளாந்தனைக் கொண்டுவருது, மீன் மேலே நின்று கழிவைப் போடுது, அடுத்த அலை மிச்சத்தை எடுத்துக்கொண்டு போகுது. கடையில் இருப்பு இல்லை, ஆனால் வியாபாரம் நடக்குது. தொட்டிக்காரர் பார்த்தது இருப்பை மட்டும். இது விளங்கினதும் அறிவுரை தலைகீழானது: நிறையச் சாப்பாடு போடு, மிச்சத்தை உடனே வெளியே எடு.

இண்டைக்குச் சத்துக் குறைந்த தொட்டி வைத்திருக்கிறவர்கள் பொதுவாகச் சொல்லுவது இதுதான். நைத்திரேற்று லீற்றருக்கு 1 முதல் 5 மில்லிகிராம், பொசுபேற்று 0.02 முதல் 0.05 வரை, இரண்டில் ஒண்டும் சுழியத்தைத் தொடக் கூடாது. காரத்தன்மை கடலில் உள்ளது போல 7 அல்லது 8 ஜேர்மன் பாகை. சத்துக் குறைந்த தண்ணியில் அதை 10, 11 எண்டு ஏற்றினால் எலும்பு வேகமாக ஓடும், அதை மூடத் தசை போதாது. நுனி கருகிறது பலதடவை அதாலதான். கல்சியம் 400க்குக் கொஞ்சம் மேலே. சாப்பாடு இருட்டின பிறகு, நீரோட்ட மோட்டரைக் கொஞ்ச நேரம் நிற்பாட்டி, இறால் குஞ்சு மாதிரி நுண்ணிய தீனி, சிறுகச் சிறுக. வாய் பெரிய மூளை முருகை மாதிரியானவைக்கு இறால் துண்டே கொடுக்கலாம். மெல்லிய கிளை முருகைக்குத் தூசி மாதிரி இருக்க வேணும். பிறகு மோட்டரைப் போட்டு, கருவியை ஓட விட வேணும்.

இந்த எண்களை எங்கட கிணற்றோட ஒப்பிட்டுப் பாருங்கோ. குடிதண்ணியில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். மனுசருக்குப் பாதுகாப்பு எண்ட அந்த எல்லை, முருகைத் தொட்டி ஒண்டின் மேல் எல்லையைப் போலப் பத்து மடங்கு. யாழ்ப்பாணத்தில் வலிகாமத்துக் கிணறுகள் பல அந்த 50ஐயும் தாண்டினது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கு. உரமும் மலசலகூடக் குழியும் மேலே, ஓட்டை விழுந்த சுண்ணக்கல் கீழே. போட்டது நேரே தண்ணிக்குப் போகுது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கிண்டியதும் அந்தச் சுண்ணக்கல்லைத்தான். அது பழைய கடலின் அடித்தளம். கடலின் எலும்புக்கு மேலே இருந்துகொண்டு கடல் தாங்காத தண்ணியைக் குடிக்கிறம்.

இனி உரப்பை. 2013இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ரன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடன்மான் குழு தொட்டியில் வளர்த்த முருகைகளில் செய்த ஓர் ஆய்வை வெளியிட்டது. நைத்திரேற்றைக் கூட்டிப் பொசுபேற்றைக் குறைத்தால் உள்ளே இருக்கிற அல்கா பெருகுது, ஆனால் பொசுபரசு காணாததால் அதன் மென்சவ்வு பலவீனமாகுது. பிறகு கொஞ்சம் சூடும் வெளிச்சமும் கூடினாலே முருகை வெளிறுது. அதாவது ஆபத்து சத்துக் கூடுவதில் மட்டும் இல்லை, ஒருபக்கம் சரிவதில் இருக்கு. யூரியாவில் 46 வீதம் நைதரசன், பொசுபரசு துளியும் இல்லை. வயலில் போடுகிற பொசுபேற்று பெரும்பாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டு இருந்துவிடும். நைத்திரேற்று தண்ணியோட ஓடிவிடும். வயலில் இருந்து கடலுக்குப் போகிற தண்ணி அந்த ஆய்வு பயந்த பக்கத்துக்கே சரிந்திருக்கும்.

இதை வைத்து யூரியா நஞ்சு எண்டு எழுத எங்களால் ஏலாது. 1930களின் குடியேற்றத் திட்டத்தில் காடு வெட்டி எழும்பின ஊர் இது. இரணைமடு வாய்க்காலும் உரப்பையும் சேர்ந்துதான் எங்களில் பலரைப் பல்கலைக்கழகம் வரைக்கும் அனுப்பினது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே கையெழுத்தில் தடை செய்தார்கள். நவம்பரில் திரும்ப விட்டார்கள். இடையில் மஞ்சளாய் நின்ற பயிரைப் பார்த்தவர்களுக்குச் சுழியத்துக்கு இறக்கின தொட்டிக் கதை புதிசாகத் தெரியாது. கொழும்பில் இருந்து முழு நாட்டையும் ஒரு தொட்டி எண்டு நினைத்து, தீனியை நிற்பாட்டினால் தண்ணி தெளிந்துவிடும் எண்டு நம்பினார்கள். வெளிறினது வயல்.

சத்தைக் கொடுக்கிறதுக்கும் கொட்டுகிறதுக்கும் வித்தியாசம் காட்டுகிற ஓர் இடம் இந்து சமுத்திரத்தில் இருக்கு, சாகோஸ் தீவுக்கூட்டம். பெயரைக் கேட்டதும் எங்களுக்கு வேறொண்டு ஞாபகம் வரும். 2021 ஒக்ரோபரில் கனடாவுக்கு வெளிக்கிட்ட எங்கட சனம் படகு பழுதாகி, அங்கே உள்ள டியேகோ கார்சியா இராணுவத் தீவில் மூன்று வருடங்களுக்கு மேல் கூடாரங்களில் கிடந்தது. அதே தீவுக்கூட்டத்தில் ஆய்வாளர்கள் வேறொரு விசயத்தைப் பார்த்தார்கள். எலி இல்லாத தீவுகளில் கடற்பறவைகள் நிறைய. அவற்றின் எச்சம் மழையில் கரைந்து பாருக்குப் போகுது. எலி ஏறின தீவுகளில் பறவை இல்லை, எச்சமும் இல்லை. பறவை உள்ள தீவுகளை ஒட்டிய பாரில் மீன் வேகமாக வளருது எண்டு 2018இலும், முருகையும் வேகமாக வளருது எண்டு 2023இலும் எழுதினார்கள். 2023 ஆய்வு வீடன்மான் குழுவினது. முருகை தனக்குள் இருக்கிற அல்காவில் ஒரு பங்கைத் தானே செரித்துத் தின்னுது, அந்த வழியால்தான் தண்ணியில் கரைந்த நைதரசனும் பொசுபரசும் அதுக்குக் கிடைக்குது எண்டு அதில் காட்டினார்கள். சோறு போடுகிற ஆளையே கறியாகவும் ஆக்குது. யங் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். பறவை எச்சத்தில் நைதரசன், பொசுபரசு இரண்டும் இருக்கு, அது வருவதும் மெல்ல மெல்ல.

எங்கட கடலுக்கு வருவம். பாக்குநீரிணைப் பக்கம் கண்ணாடித் தண்ணி இல்லை. ஆழம் குறைந்த கலங்கல் கடல். அங்கே அதிகம் இருப்பவை உருண்டையாய், பாரமாய் வளருகிற முருகைகள். சேற்றைத் தாங்கும், வெளிச்சம் குறைந்தால் தீனியைக் கூடப் பிடிக்கும். தொட்டிக்காரர்களின் படங்களில் வருகிற ஊதா நிறக் கிளை முருகையை மட்டும் முருகை எண்டு நினைத்தால் இவை அழுக்குக் கல்லாகத்தான் தெரியும். யுத்த காலத்தில் இந்தக் கடலில் மீன்பிடிக்கே தடையும் கட்டுப்பாடும். தென்பகுதிப் பார்களை அளந்த அளவுக்கு இங்கே ஒருத்தரும் வந்து அளக்கவில்லை. 1998இன் பெரிய வெளிறலை ஹிக்கடுவையில் இருந்து உலகத்துக்கே எழுதினார்கள். அந்த வருடம் வன்னியில் ஜெயசிக்குறு நடந்துகொண்டிருந்தது.

இரணைமடுவின் மேலதிக தண்ணி கனகராயன் ஆற்றால் சுண்டிக்குளம் கடலேரிக்குப் போய்த்தான் கடலைச் சேருது. காலபோகத்தில், ஐப்பசி கார்த்திகையில் உரம் போட்ட வயலைக் கழுவிக்கொண்டு மாரி வெள்ளம் இறங்கும். கடல் சூடாகி முருகை வெளிறுகிற காலம் சித்திரை வைகாசி. இரண்டுக்கும் நடுவில் நிற்பது அந்தக் கடலேரி, அதின் கடற்புல், கண்டல் மரம், சேறு. அமெரிக்காவில் வோல்ற்றர் ஏடி 1980களில் தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டு வைத்து, அதில் வேணுமெண்டே அல்கா வளர்த்து, சத்தை அது குடித்த பிறகு தெளிந்த தண்ணியை முருகைக்கு விட்டார். சுண்டிக்குளம் செய்கிற வேலையும் அதுதான், தட்டுத்தான் கொஞ்சம் பெரிசு. 1938இல் அதைப் பறவைகளுக்காகச் சரணாலயம் ஆக்கினார்கள், 2015இல் தேசியப் பூங்கா. கண்டலை வெட்டி இறால் பண்ணைக்கோ வேறெதுக்கோ காணி கேட்டு வருகிற கூட்டங்களில் பறவையைப் பற்றிக் கதைக்க யாராவது ஒருத்தர் எழும்புவார். கடலுக்குள் இருக்கிற முருகையின் சாப்பாட்டைப் பற்றியும் அதே கூட்டத்தில் கதைக்கலாம் எண்டதுக்குத்தான் இவ்வளவும் எழுதினனாங்கள்.